பஸ்ஸரை அழுத்தும் முன்: டிவி வினாடி வினாவுக்குக் கிளம்பும் மதுரை மாணவர்களுக்கு

கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘தொலைக்காட்சி வினாடி வினா. கல்லூரிக்கு ஓர் அணி. விருப்பமுள்ள மாணவர்கள் துறைத் தலைவரைப் பார்க்கவும்.’ படித்துவிட்டுப் பெரும்பாலானோர் ‘இதெல்லாம் சென்னைப் பசங்களுக்கு’ என்று கேன்டீன் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். நகராமல் நின்று தேதியைக் குறித்துக்கொள்கிறவர் நீங்கள் என்றால், இது உங்களுக்கு.

நானும் அப்படி நின்றவன்தான். அணியில் இடம் கிடைத்தது, சென்னைக்குப் போனோம், இரண்டாவது சுற்றில் தோற்றுத் திரும்பினோம். எங்கே சறுக்கினேன் என்பதைக் கீழே சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

முதல் வேலை: விதிமுறைத் தாள்

எதைப் படிப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், எப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி அணிகளுக்கான டிவி வினாடி வினாக்கள் பெரும்பாலும் இரண்டு சாதி.

ஒன்று பஸ்ஸர் வகை, அதாவது மேஜைப் பொத்தானை முதலில் அழுத்தியவர் பதில் சொல்வது. இதற்குத் தாய்வீடு அமெரிக்காவின் ‘காலேஜ் பௌல்’. 1953-ல் வானொலியில் தொடங்கி 1959-ல் டிவிக்கு வந்தது. அந்த மாதிரியில் பிரிட்டனில் 1962-ல் வந்த ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’, நடுவில் சில வருஷம் நின்று, 1994-ல் பிபிசியில் மறுபடி தொடங்கி இன்றும் ஓடுகிறது. நம் ஊரில் தூர்தர்ஷனில் 1985-ல் சித்தார்த்த பாசு நடத்திய ‘குவிஸ் டைம்’ கல்லூரி அணிகளை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. பின்னால் 2000-களின் தொடக்கத்தில் யுனிவர்சிட்டி சேலஞ்சின் இந்தியப் பதிப்பையும் அவரே நடத்தினார்.

யுனிவர்சிட்டி சேலஞ்சின் கணக்கு இப்படி. ஓர் அணிக்கு நான்கு பேர். முதலில் தொடக்கக் கேள்வி, 10 மதிப்பெண். யார் வேண்டுமானாலும் பஸ்ஸரை அழுத்தலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசக் கூடாது. சரியாகச் சொன்ன அணிக்கு மட்டும் மூன்று போனஸ் கேள்விகள், ஒவ்வொன்றும் 5. போனஸில் கலந்து பேசலாம், பதிலைக் கேப்டன்தான் சொல்ல வேண்டும். கேள்வி முடிவதற்குள் அழுத்தித் தப்பாகச் சொன்னால் 5 போகும். எதிரணிக்குக் கேள்வியை முழுவதும் படித்துக் காட்டுவார்கள்.

இதைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அவசரப்பட்டால் உங்களுக்கு 5 நஷ்டம். எதிரணி அதே கேள்வியில் 10, போனஸில் 15 எடுக்கலாம். ஒரே ஒரு அழுத்தலில் 30 மதிப்பெண் இடைவெளி விழுந்துவிடும். விதிமுறைத் தாளில் இந்தக் கழித்தல் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். கழித்தலே இல்லாத நிகழ்ச்சி என்றால் உத்தியே வேறு, துணிந்து அழுத்தலாம்.

இன்னொரு வகை, கேள்வி அணி அணியாகச் சுற்றிவருவது. தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகும். அதற்கு பவுன்ஸ் என்று பெயர். தங்கள் முறை வரும்வரை காத்திருக்காமல் ஒரு துண்டுச் சீட்டில் பதிலை எழுதிக்கொடுத்து முந்துவதும் உண்டு. அதற்கும் பவுன்ஸ் என்றுதான் பெயர்! ஒன்று பந்து எகிறும் பவுன்ஸ் (bounce), இன்னொன்று பூனை பாயும் பவுன்ஸ் (pounce). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. முதல் தடவை விதிகளை வாசிக்கக் கேட்டபோது நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டிவி நிகழ்ச்சிகள் வரும், நிற்கும். நடுவில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி தன் 90-ஆம் ஆண்டை ஒட்டி 2024-ல் இளங்கலை மாணவர்களுக்கு நடத்திய போட்டியில் இரண்டு பேர் சேர்ந்து ஓர் அணி. தேசிய அளவில் முதல் பரிசு 10 லட்சம் ரூபாய். டாடா குரூசிபிள் கேம்பஸ் குவிஸ் பல வருஷமாக நடந்துவருகிறது. இவற்றில் கலந்துகொண்டு கை பழகியவர்களுக்கு டிவி மேடை அவ்வளவாக மிரட்டாது.

நான்கு பேர்

கல்லூரிகள் செய்கிற முதல் தப்பு, ஒவ்வொரு துறையிலும் முதல் ரேங்க் எடுப்பவரைப் பிடித்து அணி என்று அனுப்புவது. முதல் ரேங்க் எடுப்பவருக்குப் பாடம் தெரியும். பாடத்துக்கு வெளியே கேட்டால் அவரும் நம்மைப் போலத்தான்.

வரலாறும் இலக்கியமும் ஒருவர், அறிவியல் ஒருவர், நாட்டு நடப்பும் பொருளாதாரமும் ஒருவர். நாலாவது ஆள் சினிமா, கிரிக்கெட், பாட்டு, விளம்பரம் என்று எதையும் விடாமல் வாய் பார்க்கிறவராக இருக்கட்டும். அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஹெச்.ஓ.டி. சிபாரிசில் வர மாட்டார். எங்கள் அணியின் நாலாவது ஆளுக்கு மூன்று அரியர் இருந்தது. முதல் சுற்றில் எங்களைக் கரை சேர்த்தது அவன்தான்.

கேப்டனாக அதிகம் தெரிந்தவரைப் போடாதீர்கள். அவர் யோசித்துக்கொண்டே இருப்பார். போனஸ் கேள்விக்கு ஐந்து விநாடிக்குள் மூன்று பேர் மூன்று பதிலைக் காதில் ஓதும்போது, ஒன்றைப் பிடித்து ‘இதுதான்’ என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். தப்பானாலும் மற்றவர்கள் முறைக்கக் கூடாது. இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியின் தலை எங்கே இருக்கிறது

இப்போது என் கதை. இரண்டாவது சுற்று. சமநிலையில் போய்க்கொண்டிருந்தது. குவிஸ் மாஸ்டர் தமிழில் படிக்கிறார்: “மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிய அணை 1895-ல் திறக்கப்பட்டது...”

அழுத்திவிட்டேன். மதுரைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? “பென்னிகுவிக்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

தப்பு. எதிரணிக்காக மீதியையும் படித்தார்: “...அந்தத் தண்ணீர் வந்து சேரும், 1959-ல் திறக்கப்பட்ட அணை எது?” எதிரே இருந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். நிதானமாக “வைகை அணை” என்றார்கள். போனஸ் மூன்றையும் எடுத்தார்கள். மேலூர்ப் பக்கம் பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. எபிசோடைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “நம்ம வயலுக்கு வர்ற தண்ணியையே கோட்டை விட்டுட்டியேடா.”

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. விடை எனக்குத் தெரியும். கேள்வி என்னவென்று தெரிவதற்கு முன்னால் பதில் சொல்லிவிட்டேன். தமிழில் கேள்வியின் தலை கடைசியில் இருக்கிறது. ‘யார்’, ‘எது’, ‘எந்த ஆண்டு’ எல்லாம் வினைச்சொல்லை ஒட்டி வாக்கியத்தின் வாலில் வரும். ஆங்கிலத்தில் ‘விச் டேம்’, ‘ஹூ’ என்று முன்னாலோ நடுவிலோ வந்துவிடும். அதைக் கேட்டவுடன் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும், அதற்குப் பின் வருவதெல்லாம் துப்புதான். ஆங்கில நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகி, அதே வேகத்தில் தமிழ்க் கேள்விக்கு அழுத்தினால் என் கதிதான்.

அதனால் தமிழ்க் கேள்வியில் காதைத் தீட்ட வேண்டியது திருப்பம் விழுகிற இடங்களில். ‘ஆனால்’, ‘அதே ஆண்டில்’, ‘எனில்’ என்று வந்தால் விரலை எடுத்துவிடுங்கள், வண்டி திரும்புகிறது. ‘கட்டிய’, ‘எழுதிய’, ‘பிறந்த’ போன்ற எச்சங்களையும் கவனியுங்கள். ‘தமுக்கம் அரண்மனையில் இயங்கும்’ என்று ஆரம்பித்தால் அடுத்து வரப்போவது ஓர் அமைப்பின் பெயர். காந்தி நினைவு அருங்காட்சியகம் என்று ஊகிக்கலாம். ஆனால் ‘இயங்கும் அருங்காட்சியகத்தை’ என்று இரண்டாம் வேற்றுமை வந்துவிட்டால் கேள்வி இன்னும் முடியவில்லை. ‘திறந்துவைத்தவர் யார்’ என்று போகப்போகிறது. விடை நேரு. ஓர் ‘ஐ’ உருபு 30 மதிப்பெண்ணைக் காப்பாற்றும். பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு நடத்திய தமிழம்மாவை அன்றைக்குத்தான் நன்றியோடு நினைத்தேன்.

இதற்குப் பயிற்சி எளிது. ஒருவர் கேள்வியைச் சொல் சொல்லாக நிறுத்திப் படிக்கட்டும். இனி விடை ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று தோன்றுகிற இடத்தில் மற்றவர்கள் மேஜையைத் தட்டட்டும். தட்டியவர் விடையை மட்டும் சொன்னால் போதாது. மீதிக் கேள்வி எப்படிப் போகும் என்றும் சொல்ல வேண்டும். நாலு வாரம் செய்தால் கை தானாக நிற்கப் பழகும். வாரத்துக்குப் பத்துக் கேள்வி ஆளுக்கு ஆள் எழுதியும் வாருங்கள். கேள்வி எழுதுகிறவருக்கு, எங்கே பள்ளம் தோண்டுவார்கள் என்று தெரிந்துவிடும்.

மூன்று பத்தி நோட்டு

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. நிலைமம், உந்தம், திசைவேகம் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இனர்ஷியா, மொமெண்டம், வெலாசிட்டி என்று கேட்டால் முதல் வருஷம் முழுக்க ஒரு விநாடி தாமதமாகத்தான் மணி அடிக்கும். பஸ்ஸர் மேஜையில் ஒரு விநாடி ரொம்பப் பெரிசு. ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இதே கஷ்டம் தலைகீழாக வரும். தமிழ் நிகழ்ச்சியில் ‘மின்தேக்கி’ என்றால் கெபாசிட்டர் என்று பிடிபடாது.

எனவே ஒரு நீள நோட்டு வாங்கி மூன்று பத்தி போடுங்கள். புத்தகத் தமிழ், ஊர்ப் பேச்சு, ஆங்கிலம். ஏன் மூன்று என்றால், செங்காந்தளைப் பாருங்கள். சங்க இலக்கியத்தில் காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். திண்டுக்கல், கரூர்ப் பக்கம் அதைச் சாகுபடி செய்கிற விவசாயிக்கு அது கண்வலிக் கிழங்கு. தாவரவியல்காரருக்கு குளோரியோசா சூப்பர்பா. அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கால்ச்சிசின், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வருகிற கௌட் நோய்க்கு மருந்து. இலக்கியக் கேள்வி, பொது அறிவுக் கேள்வி, விவசாயக் கேள்வி, மருத்துவக் கேள்வி என்று எந்த வாசலில் வந்தாலும் உள்ளே இருப்பது ஒரே செடி. நாலு பேருக்கும் அது ஒரே செடி என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி: கண்ணால் மட்டும் படித்த பெயர்கள் காதில் விழும்போது அடையாளம் தெரியாது. பிரெஞ்சுத் தத்துவஞானியை டெஸ்கார்ட்டஸ் என்று மனசுக்குள் படித்துவைத்திருப்போம். குவிஸ் மாஸ்டர் ‘டேகார்ட்’ என்பார். ஜெர்மன் கவிஞர் Goethe-வை ‘கதே’ என்றால் யாரோ என்று நினைப்போம். வெளிநாட்டுப் பெயர் எதை எழுதினாலும் போனில் ஒரு தடவை உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எங்கே படிப்பது, எதைப் படிப்பது

புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கும்போது இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களோடு நட்பு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் படிக்கிற மாதிரி படிக்காதீர்கள். தேர்வில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பஸ்ஸரில் விடை உங்கள் மண்டையிலிருந்து வெறுங்கையோடு வர வேண்டும். அதற்குத் தனித்தனித் தகவல் உதவாது, ஒன்றோடொன்று கொக்கி போட்டு வைத்தால்தான் வரும்.

உதாரணத்துக்கு 1959. வைகை அணை திறந்த வருஷம். தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகம் திறந்ததும் அதே வருஷம். மேலே சொன்ன காலேஜ் பௌல் டிவிக்கு வந்ததும் அந்த வருஷம்தான். மூன்றையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டால் ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். காந்தியை எடுத்தால், 1921 செப்டம்பரில் அவர் மதுரையில்தான் அரையாடைக்கு மாறினார். அந்த வீடு மேலமாசி வீதியில் இருக்கிறது, நாம் நூறு தடவை கடந்து போயிருப்போம். அழகர்கோவில் போகிற வழியில் மாங்குளம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அதிலிருந்து கீழடிக்குப் போகலாம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவித்த அரிட்டாபட்டியும் அந்தப் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் இரண்டு பைக்கில் போய்விட்டு வந்தால் இருபது கேள்வி எழுதலாம்.

மற்றபடி 6 முதல் 10 வரை சமச்சீர்ப் புத்தகங்கள், தினமும் ஒரு தமிழ்ப் பேப்பர், ஓர் ஆங்கிலப் பேப்பர். இயர்புக்கை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், பாதியில் கல்யாணமாகிவிடும்.

பஸ்ஸர்

மேஜையைத் தட்டிப் பழகியதோடு நிறுத்தாமல் நிஜப் பொத்தானிலும் பழக வேண்டும். எலக்ட்ரிகல் கடையில் காலிங் பெல் சுவிட்ச் எட்டு வாங்கி, ஒரு அட்டையில் பதித்து, இன்ஜினியரிங் படிக்கிற நண்பரிடம் கொடுத்தால் ஆர்டுயினோ என்கிற சின்ன மின்னணு போர்டு வைத்து ஒரு சாயங்காலத்தில் கட்டிக்கொடுத்துவிடுவார். முதலில் அழுத்தியவரின் விளக்கு மட்டும் எரிந்து மற்றவை பூட்டிக்கொள்ள வேண்டும், அது முக்கியம். யார் முந்தினார் என்ற சண்டை வராது. போனில் ஆப்பும் இருக்கிறது, ஆனால் நெட் தாமதத்தில் முன்னுக்குப் பின் ஆகிவிடும்.

பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே பழகுங்கள். வாயில் முதலில் வந்த பதில்தான் கணக்கு. ‘இல்ல சார், அது வந்து’ என்று மாற்றினால் செல்லாது.

காகிதங்கள்

முதல்வர் கையெழுத்திட்ட போனஃபைட், அடையாள அட்டை, புகைப்படம். ரெக்கார்டிங் கடிதம் வந்த அன்றே ஓ.டி.க்கு (கல்லூரி வேலையாக வெளியே போன நாளை வருகையாகக் கணக்கிட) எழுதிக்கொடுத்து நகல் எடுத்து வையுங்கள். திரும்பி வந்த பிறகு கொடுத்தால் அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய், டிவியில் வந்த முகத்தோடு வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஷூட்டிங் நாள்

பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை எழும்பூர். ரெக்கார்டிங் அன்று காலையிலேயே என்றால் ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். ரயிலில் தூங்காத மண்டை பஸ்ஸரில் வேலை செய்யாது.

சட்டை விஷயத்தில் ஒரு வார்த்தை. நெருக்கமான கோடு, பொடிக் கட்டம் போட்ட துணி கேமராவில் அலை அலையாக நெளியும். பின்னணியில் பச்சைத் திரை வைத்து எடுப்பதாக இருந்தால் பச்சைச் சட்டை போட்டவரின் உடம்பு காணாமல் போகும். கம்பெனி முத்திரை, வாசகம் உள்ள டிஷர்ட் வேண்டாம். காலர் இருந்தால் மைக் குத்த வசதி. வளையல் சத்தமும் மொடமொட துப்பட்டாவும் மைக்கில் கேட்கும். ஒரே நாளில் இரண்டு, மூன்று எபிசோடு எடுப்பது சகஜம். ஜெயித்தால் அடுத்ததற்கும் அன்றே உட்கார வேண்டியிருக்கும் என்பதால் ஆளுக்கு மூன்று செட் கொண்டுபோங்கள். நாங்கள் ஒரு செட் கொண்டுபோனோம். அதிலேயே எங்கள் நம்பிக்கை எவ்வளவு என்று தெரிந்திருக்கும்.

உள்ளே போனால் ஏசி குளிரும், விளக்கு சுடும், காத்திருப்புதான் அதிகம். காலை எட்டுக்கு வரச் சொல்லி மத்தியானம் மூன்றுக்கு மேடை ஏற்றுவார்கள். பிஸ்கட், வாழைப்பழம் பையில் இருக்கட்டும். உட்கார்ந்ததும் பஸ்ஸரை ஒரு தடவை சோதிக்கக் கேளுங்கள்; சில பொத்தான்கள் ஓரத்தில் அழுத்தினால் பிடிக்காது.

உங்கள் விடை சரி, அவர்கள் தப்பு என்கிறார்கள் என்று தோன்றினால் அடுத்த கேள்விக்குப் போவதற்கு முன்பே கேப்டன் கையை உயர்த்தி மரியாதையாகச் சொல்ல வேண்டும். ரெக்கார்டிங் என்பதால் நிறுத்திச் சரிபார்க்க முடியும். ஆட்டம் முடிந்து கீழே இறங்கிய பிறகு சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முடிந்ததும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று இருக்கும். படித்துப் பார்த்துப் போடுங்கள். ஊருக்கு வந்தால் தெருவே கேட்கும், டீக்கடை அண்ணன் பன் பட்டர் ஜாம் கையில் கொடுத்துக்கொண்டே கேட்பார். “நல்லாப் போச்சுண்ணே, டிவியில பாருங்க” என்று சொல்லிவிட்டு பன்னைக் கடித்துக்கொள்ளுங்கள்.